எத்தனை அடி கயாக் வாங்கலாம்? முதலில் அதைக் கவிழ்த்துப் போடுங்கள்

“அண்ணாச்சி, பத்து அடி வாங்கவா, பதினேழு அடி வாங்கவா?”

சனி, ஞாயிறு வந்தால் இந்தக் கேள்வியோடு யாராவது என் பட்டறைக்கு வந்துவிடுகிறார்கள். பாளையங்கோட்டைக்காரர்கள், நாகர்கோவில்காரர்கள், போன மாதம் தென்காசியிலிருந்து ஒரு தம்பி. உவரிப் பக்கம் பைபர் வேலை பார்ப்பவன் நான். வள்ளங்களுக்கு அடி ஒட்டுவதுதான் பிழைப்பு. பல வருடம் முன்னால் ஒருவர் உடைந்த கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு) ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டுப் போனவர் எடுக்க வரவே இல்லை. சும்மா கிடக்கிறதே என்று ஒருநாள் அதில் ஏறினேன், பிடித்துக்கொண்டது கிறுக்கு. இப்போது கூரையில் மூன்று தொங்குகின்றன: ஒன்பதரை அடி, பதினாலரை அடி, பதினேழு அடி.

அந்தத் தம்பிக்கு நான் அடிக்கணக்கு சொல்லவில்லை. மூன்றையும் இறக்கி, மணல் மூட்டைமேல் கவிழ்த்துப் போட்டு, “கையை வச்சுப் பாருடே” என்றேன். மேலே இருக்கும் நிறமும் ஸ்டிக்கரும் கடலுக்குத் தெரியாது. கடல் தொடுவது அடியைத்தான்.

சின்ன வயதில் எங்களுக்கு இரண்டு கப்பல் உண்டு. ஒன்று, பதநீர் குடித்துவிட்டுத் தூக்கிப் போடும் பனையோலைப் பட்டை. இன்னொன்று, காய்ந்து விழுந்த தென்னம்பாளை. பம்புசெட்டு வாய்க்காலில் இரண்டையும் விடுவோம். பட்டை குட்டை, வயிறு பெருத்து, இரண்டு முனையும் மேலே தூக்கி நிற்கும். விட்ட உடனே சுற்றும். சின்ன அலையில் குதிக்கும், ஆனால் நேராகப் போகாது. பாளை நீளம், ஒடுக்கம். அம்பு மாதிரி போகும், வாய்க்கால் வளைந்தால் அது வளையாது, கரையில் முட்டி நிற்கும். கயாக் விஷயத்தில் எனக்குத் தெரிந்த பாதி அங்கே படித்ததுதான். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் அடி வாங்க வேண்டியிருந்தது.

நீளம் என்பது எந்த நீளம்?

கம்பெனிக்காரர் எழுதும் நீளம் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை. தண்ணீரில் படுகிற நீளம் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

அளக்கும் விதம் இதுதான். அசையாத தண்ணீரில் போட்டை மிதக்கவிட்டு, நீங்கள் வழக்கமாக எடுத்துப்போகும் சாமானோடு உள்ளே உட்காருங்கள். நாங்கள் மணப்பாட்டுக்குப் போய்விடுவோம். அங்கே கருமேனியாறு கடலில் சேருமிடத்தில், மணல்திட்டுக்கு உள்பக்கம் தண்ணீர் கிண்ணத்தில் வைத்ததுபோல் கிடக்கும். (கணக்குப்படி மணப்பாடு தூத்துக்குடி மாவட்டம், 1986-ல் பிரித்துவிட்டார்கள். எங்களுக்கு எல்லாம் ஒரே திருநெல்வேலிச் சீமைதான்.) கூட வந்தவர் தண்ணீரில் நின்றுகொண்டு, அணியத்தில், அதாவது முன்முனையில், தண்ணீர் தொடும் இடத்திலும் பின்பக்கத்தில் தண்ணீர் விடும் இடத்திலும் எண்ணெய்ச் சாக்பீசால் ஒரு கோடு போட வேண்டும். கரைக்கு வந்து இரண்டு கோட்டுக்கும் நடுவே டேப் பிடியுங்கள்.

என்னுடைய பதினேழு அடி போட் இப்படி அளந்தபோது பதினைந்து அடி இரண்டு இஞ்ச்தான் வந்தது. மூக்கும் வாலும் மேலே தூக்கியிருப்பதால் மீதி எல்லாம் காற்றில். பதினாலரை அடி போட்டுக்கு மூக்கு செங்குத்தாக இறங்குகிறது. அது பதினாலு அடி வந்தது. கடையில் இரண்டரை அடி வித்தியாசம், தண்ணீரில் ஒரு அடி சொச்சம். அந்த ஒரு அடிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கு இந்த அளவு ஏன் முக்கியம்? போட் போகும்போது அணியத்தில் ஒரு அலை எழும்பும், பின்னால் ஒன்று எழும்பும். வேகம் கூடக்கூட இரண்டு அலைக்கும் இடைவெளி விரியும். கடைசியில் போட்டின் நீளமும் அலையின் நீளமும் ஒன்றாகும்போது, தானே தோண்டிய பள்ளத்தில் போட் உட்கார்ந்துகொள்ளும். அதற்குமேல் போக வேண்டுமானால் தன் அலைமேலேயே ஏற வேண்டும். கையால் துடுப்பு வலித்து அது நடக்காது. வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் 1870-களில் டார்க்கி என்ற ஊரில் ஒரு நீளத் தொட்டி கட்டி, சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகளை இழுத்துப் பார்த்து இந்த அலைக் கணக்கைப் பிடித்தார். அதை வைத்துப் பிறகு வந்த வாய்ப்பாடு எளிது: தண்ணீரில் படும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

என் மூன்றுக்கும் போட்டுப் பார்த்தேன். குட்டை போட்டுக்கு ஒன்பது அடி தண்ணீரில் படுகிறது: 4 நாட். பதினாலுக்கு 5. பதினைந்தேகாலுக்கு 5.2. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு அரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

அதுவும் எல்லைதான், நாம் போகும் வேகம் அல்ல. சாதாரண ஆள் நாள் முழுக்கத் துடுப்பு போட்டால் மூன்று, மூன்றரை நாட். ஒன்பது அடி போட்டுக்கு அந்த வேகமே ஏறக்குறைய தலைக்குமேல்; ஒவ்வொரு துடுப்பு வலிப்பும் அலையைத் தள்ளவே செலவாகும். நீள போட் அதே வேகத்தில் மூச்சு வாங்காமல் போகும். ஆனால் மெதுவாகப் போகும்போது அலையைவிடத் தோலின் உராய்வுதான் பெரிது. நீளம் கூடினால் நனையும் தோலும் கூடும். அதனால்தான் ‘நீளமென்றால் வேகம்’ என்பது அரை உண்மை. பலமாக வலிக்கிறவனுக்கு அது உண்மை. அரட்டை அடித்துக்கொண்டு போகிறவனுக்கு நடுத்தர நீளமே லேசாக இருக்கும்.

என் அக்கா மகள் 48 கிலோ. பதினேழு அடியில் அவளை உட்காரவைத்தால் போட் தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்கிறது. உயர மிதந்து, காற்று சொன்ன பக்கமெல்லாம் போகிறது. “மாமா, இது என்னை ஏத்திக்கிட்டுப் போற மாதிரி இல்ல, தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு” என்றாள். அவளுக்குப் பதினாலரைதான் கணக்கு. கிரீன்லாந்தில் கயாக் வேட்டைக்காரர்கள் போட்டைத் தங்கள் உடம்பை வைத்தே அளந்தார்களாம்: நீளத்துக்குக் கைவிரிப்பு மூன்று மடங்கு, அகலத்துக்கு இடுப்பும் இரண்டு கை முட்டியும். சட்டைக்கு அளவெடுப்பதுபோல. அளவுச் சட்டையை விட்டுவிட்டு எல்லாரும் எக்ஸ்எல் கேட்கிற காலம் இது.

அகலமும் அடியும்

கடல் கயாக் பொதுவாக 50 முதல் 60 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஏரியில் பொழுதுபோக்க விடுகிறது 70, 80 வரை போகும். அகலம் கூடினால் ஆட்டம் குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும்; எவ்வளவு குறையும் என்பதில்தான் ஆச்சரியம். உட்கார்ந்தவுடன் கிடைக்கும் உறுதி, ‘ஆரம்ப உறுதி’, அகலத்தை மூன்று தடவை பெருக்கிய கணக்கில் (அகலம் × அகலம் × அகலம்) கூடுகிறது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, 55-ஐ 60 ஆக்கினால் அந்த ஆரம்ப உறுதி ஏறக்குறைய 30 சதவீதம் கூடும். ஐந்து சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். அதே ஐந்து சென்டிமீட்டருக்கு நனையும் தோலும் கூடும், துடுப்பைத் தள்ளிப் போட வேண்டியும் வரும்.

ஆரம்ப உறுதி என்று ஏன் சொன்னேன் என்றால், இன்னொன்று இருக்கிறது. தட்டை அடி போட்டில் ஏறி உட்கார்ந்தால் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் தட்டை அடி தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. பக்கத்திலிருந்து அலை வந்தால் தண்ணீர் சரியும், போட்டும் கூடவே சரியும், நீங்களும் சரிவீர்கள். ஒரு அளவு வரை தாங்கிவிட்டுத் திடீரென்று கொட்டிவிடும். உருண்டை அடியோ, லேசான ‘வி’ அடியோ ஏறியவுடன் நடுங்கும். அலை அடியில் புகுந்து போகும்போது நீங்கள் இடுப்பைத் தளர்த்தி நிமிர்ந்தே இருக்கலாம். சாய்ந்தால், ஓரிடத்தில் விலா தண்ணீரில் பதிந்து தாங்கிக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் பயமுறுத்துகிற போட்தான் பத்தாவது மாதம் காப்பாற்றும் என்பது என் அனுபவம். இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் மீன்பிடிக்கப் போகிறவர்கள், அவர்களுக்கு அவர்கள் சொல்வது சரி. தூண்டில் போட அகலம் வேண்டும்.

என் அப்பா மரத்தில் போனவர். நாங்கள் கட்டுமரத்தை மரம் என்றுதான் சொல்வோம். நின்றுகொண்டே வலை வாங்குவார். அலை மேலே ஏறும், கட்டைகளுக்கு நடுவே இறங்கிவிடும். மொண்டு ஊற்ற வேண்டிய வேலையே இல்லை. இன்று மேலே உட்கார்ந்து போகும் பிளாஸ்டிக் கயாக்கில் ஓட்டை வைத்துத் தண்ணீரை வடியவிடுகிறார்களே, அதே யோசனை. கட்டுமரம் என்ற நம் சொல்லை வெள்ளைக்காரன் எடுத்துப்போய் இரட்டை வயிற்றுப் படகுக்குப் பெயராக வைத்துவிட்டான். அது போகட்டும்.

அடியிலிருந்து விலா ஏறும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே கூரான மடிப்பு இருக்கிறதா, வழவழவென்று உருண்டு ஏறுகிறதா? மடிப்பு இருந்தால் போட்டைச் சாய்த்து ஓட்டும்போது அது ஒரு பிடி கொடுக்கும். சாய்ந்தபடி நிறுத்திவைக்க எளிது. உருண்டு ஏறினால் சாய்வு தடங்கலில்லாமல் போகும், குழம்பிய கடலில் மென்மையாக இருக்கும். இதில் நல்லது கெட்டது இல்லை, பழக்கம்தான்.

நூல் பிடித்துப் பாருங்கள்

இதுதான் யாரும் செய்யாத சோதனை. ஒரு கொத்தனார் நூல் போதும்.

கவிழ்த்த போட்டின் ஏரா (அடியின் நடுக்கோடு) மேல், நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்படி நூலை முனையிலிருந்து முனைக்கு விறைப்பாகப் பிடிக்கச் சொல்லுங்கள். முன்னாலும் பின்னாலும் நீங்கள் முன்பு சாக்பீஸ் கோடு போட்ட இடத்தில், நூலுக்கும் அடிக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். என் பதினேழு அடியில் நாலு விரல். பதினாலரையில் ஒரு விரல் நுழையத் தகராறு. இந்த வளைவைத்தான் ராக்கர் என்கிறார்கள். நமக்குப் பனையோலைப் பட்டை என்று சொன்னால் புரிந்துவிடும்.

நூல் பிடிக்கும்போதே நடுவில் அடி உள்வாங்கி, குழி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிளாஸ்டிக் போட்டை நம் ஊர் வெயிலில் இரண்டு கட்டைமேல் மாதக்கணக்கில் கிடத்தினாலும், கார் கூரையில் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிக் கட்டினாலும் அடி குழியும். குழிந்த அடி தண்ணீரைப் பிடித்து இழுக்கும், நேராகவும் போகாது. சின்னக் குழியென்றால் கவிழ்த்துப் போட்டு அதே வெயிலில் காயவையுங்கள். பல நேரம் தானே எழும்பிவிடும். சூடேறியதும் உள்ளிருந்து கையால் தள்ளிவிடலாம். பழைய போட் வாங்குகிறவர்களுக்கு விலை குறைத்துக் கேட்க இது நல்ல சாக்கு.

இனி தண்ணீரில். நின்ற போட்டில், ஒரே பக்கம் அகலமாகத் துடுப்பை வீசி ஒரு முழு வட்டம் சுற்றுங்கள், வீச்சை எண்ணுங்கள். எனக்கு ஒன்பதரை அடி ஐந்து வீச்சில் சுற்றியது. பதினேழு அடிக்கு ஒன்பது. பதினாலரைக்குப் பதினொன்று. குட்டையானதுதான் சீக்கிரம் திரும்பும் என்று நினைத்திருந்த தென்காசித் தம்பி, பதினொன்று என்றதும் மறுபடி எண்ணிப் பார்த்தான். நாலு விரல் வளைவும் ஒரு விரல் வளைவும் செய்யும் வேலை அது. முனைகள் தண்ணீரில் ஆழமாக ஊன்றியிருந்தால் எந்த நீளமானாலும் திரும்ப மறுக்கும். அடுத்து, பத்து வலிப்பு வேகமாகப் போட்டுவிட்டுத் துடுப்பை மடியில் வையுங்கள். அணியம் எத்தனை எண்ணும்வரை நேராக ஓடுகிறது? இந்த இரண்டு எண்ணும் தராசுத் தட்டு மாதிரி; ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டும் பிரமாதம் என்று விற்கிறவர் சொன்னால், அவர் அந்த போட்டில் உட்கார்ந்ததில்லை.

திரும்ப மறுக்கிற போட்டைத் திருப்ப ஒரு வித்தை உண்டு. வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் போட்டை இடது பக்கம் சாயுங்கள். உடம்பையல்ல, போட்டை: இடது பிட்டத்தில் பாரத்தை இறக்கி, வலது முழங்காலால் மேல்தட்டைத் தூக்குங்கள், தலை நடுவிலேயே நிற்கட்டும். சாய்ந்ததும் நேரான ஏராவுக்குப் பதில் வளைந்த விலா தண்ணீரில் இறங்கும், இரண்டு முனையும் லேசாகத் தளரும், தண்ணீரில் படும் நீளம் குறையும். அப்போது இடது பக்கம் அகலமாக வீசினால் சுற்றும். சைக்கிளில் திரும்பும் பக்கம் சாய்வோம், இங்கே எதிர்ப்பக்கம். முதல் நாள் மூளை ஒப்புக்கொள்ளாது. முட்டளவுத் தண்ணீரில் பழகுங்கள், விழுந்தால் எழுந்து நிற்கலாம். முழங்கால் மேல்தட்டில் முட்ட இடமில்லாத, தொளதொள போட்டில் இது வராது. உட்கார்ந்து பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

காற்று என்று ஒன்று இருக்கிறது

மாசி மாதம் ஒருநாள் பெரியதாழையிலிருந்து மணப்பாட்டுக்குப் போனேன். பதினேழு அடி போட், தனியாக இல்லை, சேக்காளி ஒருவன் பதினாலரையில் வந்தான். காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் இருந்தது. பத்தரை மணிக்குமேல் வலது பக்கமிருந்து கடல்காற்று எடுத்தது. என் அணியம் வலது பக்கம், கடலைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்தது. திருப்பி நேராக்குவேன், பத்து வலிப்பில் மறுபடி கடலுக்கு. கடைசி ஒரு மணி நேரம் வலது கையால் மட்டுமே வலித்தேன். மணப்பாட்டு மேட்டுச் சிலுவைக்கோயில் கண்ணுக்குத் தெரிகிறது, நெருங்கமாட்டேன் என்கிறது. சேக்காளி நேராகப் போய் இறங்கி, இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

கரையேறி மூடியைத் திறந்தால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டையும் முன் அறையில் வைத்திருக்கிறேன். வைத்தவன் நான்தான்.

விஷயம் இதுதான். கயாக் முன்னால் போகும்போது அணியம் புதுத் தண்ணீரைக் கிழிக்கிறது; இரண்டு பக்கமும் தண்ணீர் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் கலங்கிப்போன தண்ணீரில் வருகிறது, அங்கே பிடி தளர்வு. பக்கத்திலிருந்து காற்று அடித்தால் பிடி தளர்ந்த பின்பக்கம் சறுக்கும். அணியம் காற்றைப் பார்த்துத் திரும்பும். ஓடுகிற எல்லாக் கயாக்குக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. முன்னால் பாரம் ஏற்றினால் அணியம் இன்னும் ஆழமாகப் பதிந்து, குணம் இரண்டு மடங்காகும். திரும்பி வரும்போது கேன்களை இருக்கைக்குப் பின் அறைக்கு மாற்றினேன். அவ்வளவுதான், பாதி வியாதி போய்விட்டது. பின்னால் அளவுக்கு மீறி ஏற்றினால் அணியம் தூக்கிக்கொண்டு, காற்று போகும் பக்கம் ஓடப்பார்க்கும். எதிர்காற்றில் அணியத்தைத் திருப்பவே முடியாது. கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பத்து கிலோ இடம் மாறினாலே போட் வேறு போட் ஆகிவிடும்.

மீதிப் பாதி வியாதிக்கு மருந்து ஸ்கெக். பின்னடியில் கத்திபோல இறங்கும் சின்னத் தகடு அது. இருக்கைப் பக்கத்தில் ஒரு தள்ளுகட்டை இருக்கும். இறக்கினால் பின்பக்கத்துக்குப் பிடி கிடைக்கும், சறுக்காது. பக்கக் காற்றுக்குப் பாதி இறக்குங்கள், காற்று பின்னாலிருந்து தள்ளும்போது முழுக்க, எதிர்காற்றுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். அணியம் காற்றைப் பார்த்து இழுத்தால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள், காற்றைவிட்டு விலகி ஓடினால் கொஞ்சம் ஏற்றுங்கள். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல் அரை நிமிடத்தில் கை பழகிவிடும்.

அன்றைக்கு எனக்கு ஸ்கெக் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கரையில் போட்டை இழுத்தபோது தகட்டுக் கூட்டுக்குள் மணலும் ஒரு சின்னச் சிப்பியும் போய் இறுகிவிட்டன. தள்ளுகட்டையைப் பலமாகத் தள்ளி, உள்ளே கம்பியை வளைத்ததுதான் மிச்சம். அதன்பிறகு தகட்டின் கீழ்முனையில் சின்ன ஓட்டை போட்டு ஒரு விரற்கடை நைலான் நூல் வளையம் கட்டிவிட்டேன். சிக்கினால் பக்கத்து போட்காரன் பின்னால் வந்து நூலைப் பிடித்து இழுத்துவிடுவான். தகடு உள்ள போட் வாங்கினால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். கரையிலிருந்து தள்ளி இறக்கும்போதும் வாலைத் தேய்க்காமல் தூக்கி வையுங்கள்.

சுக்கான் வைத்த போட்களும் வருகின்றன, காலால் மிதித்துத் திருப்புவது. கெடுதல் இல்லை, நேர் அடி உள்ள நீள போட்டுக்கு அது வேண்டும். ஆனால் புதிதாகப் பழகுகிறவர் சுக்கானிலேயே பழகினால், கம்பி அறுந்த அன்று போட்டைத் திருப்பத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

குட்டை போட் கடலுக்கு ஆகாதா?

ஆகும், இடமும் காலமும் தெரிந்தால். ஒன்பதரை அடியை எடுத்துக்கொண்டு நான் வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. ஆனி மாதம். உவரியில் கரையோரம் கடல் குளம்போல் கிடந்தது, அலையே இல்லை. ஏன் இல்லை என்று யோசித்திருக்க வேண்டும். மேற்கேயிருந்து கச்சான் அடிக்கிறது. நம் கரை கிழக்கும் தெற்கும் பார்த்தது, காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையோரத்தில் தண்ணீர் தட்டையாக இருக்கும், தூரம் போகப்போகத்தான் முறுக்கேறும். போகும்போது சுகமாகப் போனேன். திரும்பினேன். அரைமணி நேரம் வலித்தேன், பனைமரங்கள் பெரிதாகவே இல்லை. குட்டை போட், நாலு நாட்டுக்கு மேல் போகாது. அதில் பாதியைக் காற்று எடுத்துக்கொண்டது, மீதியை எதிர் அலை. அகல மூக்கு ஒவ்வொரு சின்ன அலையிலும் தட்டென்று நின்று, மறுபடி கிளம்ப வேண்டியிருந்தது. வலை போட்டுத் திரும்பிய வள்ளம் ஒன்று பக்கத்தில் வந்தது. அதிலிருந்த பெரியப்பா முறைக்காரர் கயிற்றை எறிந்துகொண்டே, “ஏலே, இது என்னல, மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டியா? இதுல ஏறி இலங்கைக்குப் போறியோ?” என்றார். கரை வரும்வரை நான் பேசவில்லை.

அதனால் வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போவேன். இறக்கைகள் விரட்டிச் சுற்றினால் ஆற்றோடு சரி. ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும். கடல் கரையை நோக்கி அடிக்கும். தை, மாசி, பங்குனிக் காலைகள்தான் நமக்கு. அதிலும் பங்குனி, சித்திரையில் காற்றே இல்லாமல் கள்ளக்கடல் ஏறும், தூரத்துக் கடலில் எழுந்த அலை திடீரென்று கரையில் வந்து அடிக்கும். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை போட்டிருக்கிறார்களா என்று முந்தின நாள் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் முட்டளவுக்கு மேல் போகாதீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையப் பக்கம் அணியத்தைத் திருப்பவே வேண்டாம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. தண்ணீர் புகாத பையில் போன், போனில் இந்த இரண்டு எண்.

அலை உடையும் கரையில் இறங்கும்போது குட்டை போட்டுக்கு ஒரு நியாயம் கிடைக்கும். பின்னாலிருந்து அலை தூக்கினால் நீள போட்டின் மூக்கு முன்பள்ளத்தில் குத்தும், வால் சுழன்று அலைக்குக் குறுக்கே படுத்துவிடும். குட்டையும் வளைவுமான அடி அலைமேல் மிதந்து வந்துவிடும். எங்கள் கரை மாதிரி இடத்தில் நீள போட்டைக் கொண்டு இறங்குகிறவர்கள் அலை எண்ணப் பழக வேண்டும்: பெரிய அலைகள் வரிசையாகப் போனபின் வரும் சோர்வில், கடைசி அலையின் முதுகைத் துரத்திக்கொண்டே வந்து, மணலில் தட்டியதும் குதித்து இறங்கி இழுங்கள்.

அப்போ எது வாங்க?

ஆற்றிலும் குளத்திலும் பிள்ளைகளோடு போக, கழிமுகத்தில் தூண்டில் போட என்றால் ஒன்பது, பத்து அடி, 75 சென்டிமீட்டர் அகலம், மேலே உட்காரும் வகை. யோசிக்கவே வேண்டாம். ஊர்விட்டு ஊர் கரையோரமாகப் போக ஆசை, ஆள் 65 கிலோவுக்குள் என்றால் பதினாலு, பதினாலரை. நூலில் இரண்டு விரலாவது நுழையட்டும். என்னுடையது ஒரு விரல், அதில் எனக்கு வருத்தம்தான். ஆள் கனம், கூடாரமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் போக வேண்டும் என்றால் பதினாறு, பதினேழு, ஸ்கெக்கோடு. பாரம் ஏற்றியபின்தான் அது ஒழுங்காக நடக்கும். காலியாக ஓட்டினால் காற்றுக்கு விளையாட்டுச் சாமான். இன்னொன்றும் உண்டு, கேட்க மறந்துவிடுவார்கள்: வீட்டு மாடிப்படி திரும்பும் இடத்தை அளந்தீர்களா? தென்காசித் தம்பி அளந்துவிட்டுப் போன் செய்தான். பதினேழு அடி கனவு அந்தத் திருப்பத்திலேயே முடிந்தது.

பணம் கொடுக்கும்முன் அரைமணி நேரம் தண்ணீரில் விட்டுப் பார்க்கக் கேளுங்கள். ஐந்து லிட்டர் கேன் இரண்டு, கொத்தனார் நூல், சாக்பீஸ், டேப் கையோடு இருக்கட்டும். காலையில் ஒருமுறை, மதியம் காற்று எடுத்தபின் ஒருமுறை. கேன்களை முன்னால் வைத்து, பின்னால் வைத்து. நூலை எடுத்ததும் விற்கிறவர் சிரித்தால் கூடச் சிரியுங்கள். தண்ணீரில் விடமாட்டேன் என்றால் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.